அந்த டார்ச் லைட் வெளிச்சம்...



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் பேரவைச் செயலாளர், "நல்ல தலைப்பா எடுத்து எழுதுடா. இளைஞர் சக்தி, எதிர்கால பாரதம், இப்படி ஏதாவது" என்றார். நானும் இரண்டு நாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன். 'இன்றைய இளைஞனே நாளைய பாரதம்' என்று முதல் வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரமாட்டேன் என்றது. ஏனென்றால் என் மனசில் வேறொன்று கிடக்கிறது. மாசி மாதத்திலிருந்து கிடக்கிறது. நம் மெக்கானிக்கல் பிரிவில் ஒரே ஒருவனுக்குத்தான் அது தெரியும். ஏனென்றால் அன்றைக்கு அவனும் அந்த வண்டியில் இருந்தான்!

எனக்கு ஊர் பூம்புகார். அப்பா டிராக்டர் டிரைவர். அம்மா நடவு, களை, கதிரறுப்பு என்று எது கிடைத்தாலும் போவார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். ஆகவே தெருவில் எனக்கு 'இன்ஜினியர்' என்று பெயர். இந்த இன்ஜினியர் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

சீர்காழியில் செகண்ட் ஷோ பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி, சிங்கப்பூர் போயிருக்கும் என் மாமாவுடையது. வீட்டில் சும்மாதானே நிற்கிறது என்று எடுத்தாயிற்று. ஓட்டியது நான். எனக்குப் பின்னால் நம் வகுப்பு நண்பன், அவனுக்குப் பின்னால் என் பெரியப்பா மகன். மூன்று பேர், ஹெல்மெட் இல்லை, எனக்கு லைசென்சும் இல்லை. திருவெண்காடு தாண்டி வந்துகொண்டிருக்கிறோம். மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும். தூரத்தில் ஒரு டார்ச் லைட் மேலும் கீழும் ஆடியது.

"டேய், போலீஸ்டா! நிறுத்தாத, முறுக்கு!"

பின்னாலிருந்து யார் கத்தியது என்று இன்று வரை எங்களுக்குள் சண்டை. ஆனால் முறுக்கியது என் கை. அதில் சண்டை இல்லை.

அந்த ஒரு நொடியில் என் மூளை போட்ட கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5000 ரூபாய். ஹெல்மெட் இல்லையென்றால் 1000. மூன்று பேர் ஏறினால் இன்னொரு 1000. ஆக 7000. என் அம்மா குனிந்த முதுகு நிமிராமல் எத்தனை நாள் நாற்று நட்டால் 7000 வரும்? அந்த நேரத்தில் இந்தக் கணக்கு மட்டும் எவ்வளவு வேகமாக வந்தது தெரியுமா! செமஸ்டர் தேர்வில் வரவில்லை.

இரண்டு போலீஸ்காரர்கள். இளையவர் ஓரத்தில் நின்றார். பெரியவர் நடுரோட்டுக்கு வந்து கையை நீட்டினார். வண்டியின் லைட் அவர் முகத்தில் அடித்தது. நரைத்த மீசை. அவர் முகத்தில் கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 'நில்லு தம்பி' என்று சொல்வது போலத்தான் இருந்தது. நான் வலப்பக்கம் ஒடித்தேன். அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். அப்புறம் எப்படியோ விலகித் தாவினார். டார்ச் லைட் கீழே விழுந்து தார் ரோட்டில் சுழன்றது. அந்த வெளிச்சம் மரத்தில் ஒரு தரம், வயலில் ஒரு தரம், எங்கள் மேல் ஒரு தரம் பட்டது. பின்னால் 'அம்மா' என்று ஒரு சத்தம்.

நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைப் பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டோம். தூங்கினோம் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் தருமகுளம் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு காதில் விழுந்தது. "ராத்திரி ட்யூட்டியில இருந்த எஸ்.எஸ்.ஐ.யை ஒரு பைக்காரப் பயலுவ தள்ளி விட்டுட்டுப் போயிட்டானுவளாம். வாய்க்கால்ல விழுந்து மணிக்கட்டு போச்சு. காரைக்கால் சரக்கு ஏத்திக்கிட்டு வந்த பயலுவளாத்தான் இருக்கும்."

வெளியூர் நண்பர்களுக்குச் சொல்கிறேன். தரங்கம்பாடி, பொறையாறு தாண்டினால் நண்டலாறு. அதற்கு அந்தப் பக்கம் காரைக்கால், புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே மதுவின் விலை குறைவு. அதனால் இந்தக் கடலோரச் சாலைகளில் ராத்திரி நேரத்தில் பாட்டிலும் பாக்கெட்டுமாகக் கடத்தி வரும் பைக்குகள் உண்டு. சோதனைச் சாவடியில் கண்ணில் படாதவர்களை உள்ளே இப்படி வழிமறித்துத்தான் பிடிக்கிறார்கள். அவர்கள் காத்திருந்தது அந்த மாதிரி ஆளுக்காக. வந்தது சினிமா பார்த்துவிட்டு வந்த மூன்று பாலிடெக்னிக் பயல்கள். (சரி, இரண்டு பாலிடெக்னிக், ஒரு கொத்தனார்.) எங்களிடம் கடத்தல் சரக்கு இல்லை, கத்தி இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் நடுரோட்டில் நிற்கிற மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு ஹெட்லைட். அதற்குப் பின்னால் இருப்பவன் பயந்த பையனா, கொலைகாரனா என்பதை வண்டி நின்ற பிறகுதான் பார்க்க முடியும்.

அன்று மத்தியானம் நம் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். நான் நூலகம் பக்கம் போனதே நூலகருக்கு ஆச்சரியம். பழைய பத்திரிகைகளில் இந்த மாதிரி செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். தேடியிருக்கவே வேண்டாம் என்று பிறகு தோன்றியது.

திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன். 2021 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, இன்னும் விடியவில்லை. ரோந்தில் இருந்தவர், ஆடுகளை வைத்துக்கொண்டு பைக்கில் போனவர்களைப் பார்த்து நிறுத்தச் சொல்கிறார். அவர்கள் நிற்கவில்லை. தன் பைக்கிலேயே துரத்துகிறார். ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் இல்லை. ஏறக்குறைய 15 கிலோமீட்டர்! திருச்சி மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம் போய்விட்டது. உதவிக்குக் கிளம்பிய இன்னொருவரால் வழி தெரியாமல் வந்து சேர முடியவில்லை. ரயில்வே சுரங்கப்பாதை அருகே பூமிநாதன் அவர்களை மடக்கிப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

எதற்காக? ஆட்டுக்காக.

மறுநாளே ஆட்களைப் பிடித்தார்கள். கைதானவர்கள் நம் கல்லணைப் பக்கத்தவர்கள் என்று படித்தபோது திடுக்கிட்டேன். ஒருவனுக்கு வயது 19. மற்ற இருவர் அதைவிடச் சின்னவர்கள், சிறார்கள். எனக்கு 18. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன்.

பூமிநாதன் குடும்பத்துக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரு கோடி ரூபாயும் அரசு வேலையும் அறிவித்தார். ரோந்து போகிறவர்கள் ஆயுதத்தோடு போக வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புக்குச் சுடத் தயங்கக் கூடாது என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சொன்னார். படிக்கும்போது எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. அன்று திருவெண்காட்டில் நின்றவர் கையில் டார்ச்சுக்குப் பதில் துப்பாக்கி இருந்திருந்தால்?

அதற்கடுத்த நாள், அதாவது 2021 நவம்பர் 22-ல், கரூரில் வாகனத் தணிக்கையில் நின்ற மோட்டார் வாகன ஆய்வாளர் கனகராஜ் மீது ஒரு வேன் மோதி, அவர் இறந்தார். அதே வருஷம் பிப்ரவரி முதல் தேதி, தூத்துக்குடி மாவட்டம் ஏரல் காவல் நிலைய உதவி ஆய்வாளர் பாலு. குடித்துவிட்டுத் தகராறு செய்த ஒருவனைக் கண்டித்து அனுப்பியிருக்கிறார். அவன் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, பைக்கில் போன அவர் மேல் ஏற்றிவிட்டான். 2018 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணம் காவல் நிலையத்தின் ஜெகதீஷ் துரை. நம்பியாற்றில் மணல் அள்ளுவதைத் தடுக்க ராத்திரியில் தனி ஆளாகப் போனார். பிணமாகத்தான் கிடைத்தார். வடக்கே கேட்கவே வேண்டாம். மத்தியப் பிரதேசம் மொரேனாவில் 2012 மார்ச் 8-ல் நரேந்திர குமார் என்ற இளம் ஐ.பி.எஸ். அதிகாரி, கல் ஏற்றிய டிராக்டரை மறித்தபோது நசுங்கிச் செத்தார். ஹரியானா நூ மாவட்டத்தில் 2022 ஜூலை 19-ல் டி.எஸ்.பி. சுரேந்தர் சிங், கல் கடத்திய டிப்பர் லாரியை நிறுத்தக் கை காட்டினார். லாரி அவர் மேலேயே ஏறிவிட்டது. அவர் ஓய்வு பெற இன்னும் சில மாதமே இருந்தது.

இதெல்லாம் நம் நாட்டில்தான் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஹார்ப்பர் என்ற 28 வயதுக் காவலர். கல்யாணமாகி நாலே வாரம். 2019 ஆகஸ்ட் 15 ராத்திரி, நாலு சக்கர பைக் ஒன்றைத் திருடிக் காரில் கட்டி இழுத்து வந்தவர்களைப் பிடிக்கக் காவல் வண்டியிலிருந்து இறங்கி ஓடினார். தொங்கிக்கொண்டிருந்த இழுவைப் பட்டையில் அவர் கால் மாட்டிக்கொண்டது. கார் நிற்கவில்லை. ஒரு மைலுக்கு மேல் அவரை ரோட்டோடு இழுத்துக்கொண்டே போனது. 2020-ல் தண்டனை பெற்றபோது அந்த மூவரின் வயது என்ன தெரியுமா நண்பர்களே? 19, 18, 18. வேண்டுமென்று செய்த கொலை என்று ஜூரிகள் தீர்ப்புச் சொல்லவில்லை. உயிரைப் போக்கிய குற்றம் என்றார்கள். ஓட்டியவனுக்கு 16 வருஷம், மற்ற இருவருக்கும் 13 வருஷம். அதன் பிறகு 2022-ல் ஹார்ப்பர் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. ஆயுள் தண்டனைக்கு.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். துரத்துகிறவர் பக்கமே எப்போதும் நியாயம் இருக்கிறது என்று நான் எழுத வரவில்லை. 2018 மார்ச் 7-ல் திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன கணவன், மனைவியை ஒரு போக்குவரத்து ஆய்வாளர் துரத்திப் போய் பைக்கை எட்டி உதைத்தார். அந்தப் பெண் விழுந்து இறந்துபோனார். ஒரு ஹெல்மெட்டுக்காக ஓர் உயிர். அந்த ஆய்வாளரையும் கைது செய்தார்கள். ஊரே ரோட்டுக்கு வந்து மறியல் செய்தது. அது நியாயமான கோபம். ஆனால் இந்தச் செய்தியையும் பூமிநாதன் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓடுவது என்று ஒன்று ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அது யார் கையிலும் இல்லை. ஓடுகிறவன் கையிலும் இல்லை, துரத்துகிறவர் கையிலும் இல்லை.

நாம் மெக்கானிக்கல் மாணவர்கள் அல்லவா, கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம். (சிவில்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் சிமெண்டும் வருகிறது.) அன்று நான் மணிக்கு 55 கிலோமீட்டரில் வந்தேன் என்று வையுங்கள். நொடிக்கு 15 மீட்டருக்கு மேல். டார்ச்சைப் பார்த்து, மூளை விளங்கிக்கொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி என்றால், அதற்குள் வண்டி 23 மீட்டர் ஓடிவிடும். பிறகு நல்ல பிரேக், நல்ல டயர், காய்ந்த ரோடு என்றாலும் நிற்க இன்னும் 19 மீட்டர் வேண்டும். ஆக 42 மீட்டர். நல்ல புத்தியோடு நிறுத்த நினைப்பவனுக்கே இத்தனை. 20 மீட்டரில் ஒருவர் குறுக்கே வந்து நின்றால், காந்தியே ஓட்டினாலும் வண்டி நிற்காது.

அடுத்தது மோதினால் என்ன ஆகும் என்பது. வண்டி 110 கிலோ, நாங்கள் மூவரும் சேர்ந்து 170 கிலோ. மொத்தம் 280. அரை எம்.வி. ஸ்கொயர் போட்டால் ஏறக்குறைய 32,700 ஜூல் வருகிறது. இந்த எண் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இப்படி மாற்றிப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதன் உச்சியிலிருந்து 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றைக் கீழே போட்டால் தரையைத் தொடும்போது என்ன சக்தி இருக்குமோ, அது. அதைத்தான் அந்த நரைத்த மீசைக்காரர் வலது கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். இது வெறும் பைக். மணல் ஏற்றிய டிராக்டரையும் டிப்பரையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கை வரவில்லை.

கணக்கு போட்ட அன்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னார்.

நான் ஏழாவது படிக்கும்போது அப்பா ஓட்டிய டிராக்டரை ராத்திரியில் மணல் அடிக்க அனுப்பியிருக்கிறார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் சொன்னது இது: "எவன் கை காட்டினாலும் நிறுத்தாதே. வண்டி மாட்டினா உன்னாலதான்." இரண்டாம் நாளே ரோட்டில் ஒரு போலீஸ்காரர் கை காட்டியிருக்கிறார்.

"நான் நிறுத்திட்டேன்டா. பின்னால டிரெய்லர்ல அத்தினி மணல். அந்தாளு என் வயசுதான் இருப்பாரு. ஏத்திட்டுப் போயிட்டு வீட்டுக்கு வந்து சோறு திங்க முடியுமா? வண்டியப் புடிச்சாங்க, கேஸ் போட்டாங்க. நான் உள்ள ஒரு ராத்திரி இருந்தேன். மறுநாள்லேர்ந்து ஓனரு என்னை வேலைக்குக் கூப்பிடல. அந்த வருசந்தான் உனக்கு தீவாளிக்குச் சட்டை எடுக்கல."

அந்தத் தீபாவளி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா குடித்துத் தொலைத்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். "மணலுக்குச் சொந்தக்காரன் ராத்திரியில ரோட்டுக்கு வரமாட்டான்டா. ஓட்டுறவனும் கூலிக்காரன், மறிக்கிறவரும் சம்பளக்காரரு. சாவுறது இந்த ரெண்டு பேருல ஒருத்தன்தான்." நாலாவது வரை படித்த மனுஷன்.

மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு அவரே கிளம்பினார். எஸ்.எஸ்.ஐ. வீடு பக்கத்து ஊரில்தான். மருத்துவ விடுப்பில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையில் மாவுக்கட்டு, கழுத்தில் தூளி. நான் காலில் விழப் போனேன். "அட நில்லு தம்பி, யாரு நீ?" என்றார். அதே 'நில்லு தம்பி'.

சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அவர் மனைவி கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"எதுக்குப்பா ஓடுனே? சரக்கு வச்சிருந்தியா?"

"இல்லீங்கய்யா. லைசென்ஸ் இல்ல."

"லைசென்ஸா?" அவர் என்னையே பார்த்தார். "அவ்ளோதானா?"

நண்பர்களே, அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஓர் அறை விட்டிருக்கலாம். அந்த 'அவ்ளோதானா'வை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு அப்பாவிடம்தான் பேசினார். வாய்க்காலில் தண்ணீர் இருந்திருந்தால் நனைவதோடு போயிருக்குமாம். மேட்டூரைத்தான் ஜனவரி 28-ல் மூடிவிடுகிறார்களே, மாசியில் ஏது தண்ணீர்? மதகுக் கட்டையில் கை ஊன்றி விழுந்திருக்கிறார். "தப்பு என் பேர்லயும் இருக்குங்க. நடு ரோட்டுக்கு வந்திருக்கக் கூடாது. ஓரமா நில்லு, நம்பர நோட் பண்ணு, அடுத்த பாயின்ட்டுக்குச் சொல்லுன்னுதான் புதுப் பசங்களுக்கு நானே சொல்லுவேன். முப்பது வருசமா கை காட்டினா நிப்பாங்கங்கிற நெனப்பு. அது போவ மாட்டேங்குது." வைகாசியோடு ஓய்வாம். அன்று கூட இருந்த இளைய காவலர்தான் அவரை வாய்க்காலிலிருந்து தூக்கியிருக்கிறார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

உள்ளேயிருந்து டீ வந்தது. இரண்டே டம்ளர். அப்பாவுக்கும் அவருக்கும். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கேஸ் போடுவார் என்றுதான் இருந்தேன். கிளம்பும்போது, "மொதல்ல லைசென்ஸ் எடு. எடுத்துட்டு வந்து என்கிட்ட காட்டு. அதுவரைக்கும் வண்டியத் தொடாதே" என்றார். என் பெயரைக்கூட அவர் எழுதிக்கொள்ளவில்லை. அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். எழுதியிருந்தால் இந்தப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

எல்.எல்.ஆர். போட்டேன். ஒரு மாதம் காத்திருந்தேன். மயிலாடுதுறையில் முதல் தடவை எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை தேறினேன். கார்டு கைக்கு வந்த அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கட்டுப் பிரித்திருந்தார்கள். வலது மணிக்கட்டு முன்போல் முழுசாக மடங்கவில்லை. இடது கையால் கார்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அச்சடித்த கம்பெனி பெயர் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோல என்னடா திருடன் மாதிரி முழிக்கிறே?"

சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"எதுல வந்தே?"

"பைக்லதான்யா."

எட்டித் தெருவைப் பார்த்தார். "ஹெல்மெட் எங்க?"

"வண்டியில மாட்டியிருக்குங்கய்யா..."

"மாட்டறதுக்கா வாங்குனே? போய் எடுத்துப் போட்டுக்கிட்டு வா. அப்புறம் பேசலாம்" என்று கார்டைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.